டைவிங்குக்கு மதிப்பெண் போடுவது எப்படி? தெறிக்கும் தண்ணீரைத் தாண்டிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒலிம்பிக் சமயத்தில் மட்டும் டைவிங் பார்க்கிற நம்மில் பலருக்கு ஒரே அளவுகோல்தான்: தண்ணீர் எவ்வளவு தெறித்தது? தெறிக்கவில்லை என்றால் சூப்பர், தெறித்துவிட்டால் போச்சு. ஊர்க் கிணற்றில் கணக்கு நேர்மாறு. எவன் குதித்தால் மேலே நிற்கிறவர்களும் நனைகிறார்களோ அவன்தான் கில்லாடி. இரண்டு கணக்கிலும் கோளாறு ஒன்றுதான். தண்ணீர் கடைசிக் கணத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். நடுவர் மதிப்பெண் போட வேண்டியதோ, வீரர் தயாராக நின்றதிலிருந்து கால்விரல் தண்ணீருக்குள் மறையும்வரை நடந்த அத்தனைக்கும்.

அதற்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். 10 மீட்டர் மேடையிலிருந்து சும்மா விழுந்தாலே 1.4 நொடியில் தண்ணீர் வந்துவிடும். எழும்பிக் குதிப்பதையும் சேர்த்தால் சற்றுக் கூடும். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொடுகிறது. இதற்குள் எல்லாவற்றையும் பார்த்து, டைவ் முடிந்தவுடன் எடைபோட்டு, ஓர் எண்ணை அழுத்த வேண்டும். முறையாகப் பழகாமல் இது முடியாது.

பள்ளி, கிளப் போட்டிகளில் நடுவராக உட்காரப் போகிறவர்களுக்கும், டிவி முன்னால் தாளும் பென்சிலுமாக உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். விதிகள், முன்பு ஃபினா என்று அழைக்கப்பட்டு இப்போது வேர்ல்டு அக்வாடிக்ஸ் ஆகியிருக்கும் சர்வதேச அமைப்பினுடையவை.

1. வரப்போகும் டைவ் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

என்னென்ன டைவ் செய்யப்போகிறோம் என்று வீரர் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. அதைப் படிக்கத் தெரியாமல் மதிப்பெண் போட உட்காரக் கூடாது.

முதல் எண் டைவின் வகை. 1 என்றால் முன்னோக்கிப் பாய்வது. 2, தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பின்னோக்கிப் பாய்வது. 3, முன்னோக்கிக் குதித்துப் பலகையை நோக்கிப் பின்பக்கமாகச் சுழல்வது. 4, உள்நோக்கி, அதாவது முதுகு காட்டி நின்று பலகையை நோக்கி முன்பக்கமாகச் சுழல்வது. 5, ட்விஸ்ட், அதாவது உடலைப் பக்கவாட்டில் திருகிச் சுழல்வது, உள்ள டைவ். 6, கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று தொடங்குவது. இது மேடையில் மட்டும்தான். முதல் நான்கு வகைகளில் மூன்றாவது எண் எத்தனை அரைக் குட்டிக்கரணம் என்பதைச் சொல்லும். கடைசி எழுத்து உடலின் நிலை: ஏ நேராக, பி இடுப்பில் மடிந்து முழங்கால் நீட்டி, சி முழங்காலும் மடிந்து சுருண்டு, டி விருப்ப நிலை.

ஆக 107பி என்றால் முன்னோக்கி மூன்றரைக் குட்டிக்கரணம், இடுப்பில் மடிந்து. 407சி என்றால் உள்நோக்கி மூன்றரை, சுருண்டு. 5253பி என்றால் பின்னோக்கித் தொடங்கி இரண்டரைக் குட்டிக்கரணமும் ஒன்றரை ட்விஸ்டும், மடிந்த நிலையில். குறியீட்டைப் பார்த்ததும் அந்த டைவ் மனதில் ஓட வேண்டும். தலை முதலில் வருமா, கால் முதலில் வருமா, மார்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பது முன்பே தெரிந்தால்தான் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

டைவ் எவ்வளவு கடினம் என்று சொல்லும் கடின எண் பக்கத்தில் எழுதியிருக்கும்; அதைப் பார்த்தவுடன் மறந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2. 0 முதல் 10 வரை உள்ள ஏணி

மதிப்பெண் அரை அரையாக ஏறும். முற்றிலும் தோற்ற டைவுக்கு 0. திருப்தி இல்லாததற்கு 0.5 முதல் 2. குறையுள்ளதற்கு 2.5 முதல் 4.5. திருப்திகரமானதற்கு 5 முதல் 6.5. நன்று என்றால் 7 முதல் 8. மிக நன்று 8.5 முதல் 9.5. அப்புறம் 10.

புதிய நடுவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 10-லிருந்து தொடங்கி ஒவ்வொரு தப்புக்கும் அரை அரையாகக் கழிப்பார்கள். டைவ் முடிந்த கணத்தில் அவ்வளவு கணக்குப் போட நேரம் கிடையாது. முதலில் எந்தப் படி என்று முடிவு செய்யுங்கள்: இது "நன்று"தானா, "திருப்திகரம்" மட்டும்தானா? பிறகு அந்தப் படிக்குள் மேலா, நடுவா, கீழா என்று பாருங்கள். இரண்டு சின்ன முடிவுகள், அவ்வளவுதான்.

10 போடத் தயங்குகிற நடுவர்கள் உண்டு. இதைவிடச் சிறந்தது வரலாம் என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வார்கள். அது தவறு என்பதே என் கட்சி. என்ன குறை என்று உங்களால் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் 10 கொடுத்துவிட வேண்டும். 1982-ல் குவாயாகில் உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் கிரெக் லூகானிஸுக்கு ஏழு நடுவர்களும் 10 கொடுத்தார்கள். பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றில் அதுவே முதல்முறை.

3. டைவை நான்கு துண்டாகப் பாருங்கள்

தொடக்க நிலையும் ஓட்டமும். தயாராக நின்ற கணத்திலிருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் படியேறி வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டது எதுவும் கணக்கில் இல்லை. ஓடி வந்து குதிக்கும் டைவில் ஓட்டம் தடையில்லாமல், நேர்கோட்டில் இருக்க வேண்டும். கைகளை ஊன்றித் தொடங்கும் டைவில் உடல் ஆடாமல் செங்குத்தாக ஒரு கணம் நின்றதா என்று பாருங்கள். தள்ளாட்டத்தோடேயே கிளம்பியிருந்தால் அதற்குக் குறைக்க வேண்டும்.

எழும்புதல். அனுபவமுள்ள நடுவருக்குப் பாதித் தீர்ப்பு இங்கேயே தெரிந்துவிடும். உயரம் கிடைத்ததா, உடல் ஒரு பக்கம் சாய்ந்ததா, பலகையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறார்? மிகத் தள்ளிப் போனால் உயரத்தை விற்றுத் தூரம் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். மிக அருகில் வந்தால் ஆபத்து. 1988 சியோல் ஒலிம்பிக் ஸ்பிரிங்போர்டு (துள்ளும் பலகை) தகுதிச் சுற்றில் இதே லூகானிஸின் தலை பலகையில் மோதியது. 3-ஆம் வகை டைவ் அது. தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கமும் வென்றார் என்பது வேறு கதை. தலை பலகைக்கு ஆபத்தான நெருக்கத்தில் போயிருந்தால், மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் 2-க்கு மேல் கிடையாது.

பறத்தல். அறிவித்த நிலை உண்மையில் அமைந்ததா? மடிந்த நிலையில் முழங்கால் நேராக இருக்க வேண்டும். வேகத்துக்காக லேசாக மடக்குகிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்தால் அது தெரியும். சுருண்ட நிலையில் முழங்கால்களும் பாதங்களும் ஒட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் சுழல்வதற்காக முழங்கால்களை அகட்டி நடுவில் தலையை நுழைக்கிற வழக்கம் உண்டு. எதிரிலிருந்து பார்க்கிறவருக்கு அது பளிச்சென்று தெரியும், பக்கத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நடுவர்களைக் குளத்தின் இரண்டு பக்கமும் உட்கார வைப்பது இந்த மாதிரி வித்தியாசங்களுக்காகத்தான். எல்லா டைவிலும் கால்விரல்கள் நீண்டிருக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி நான் பார்க்கச் சொல்வது ஒன்று உண்டு: சுழற்சியை எந்த உயரத்தில் முடித்து உடலைத் திறக்கிறார்? உயரத்திலேயே திறந்து, தண்ணீரைக் கண்ணால் பார்த்துக் கை நீட்டி இறங்குகிறவரையும், தண்ணீர் மட்டத்துக்கு வந்த பிறகு அவசரமாக விரிகிறவரையும் ஒரே படியில் வைக்க முடியாது. இரண்டு பேருக்கும் தண்ணீர் ஒரே மாதிரி தெறித்திருந்தாலும் சரி.

நுழைவு. தலை முதலில் என்றால் கைகள் தலைக்கு மேல் நீண்டு, உடல் செங்குத்தாக, கால்விரல் நீட்டி இறங்க வேண்டும். செங்குத்துக்கு வந்து சேராமல் நின்றால் சுழற்சி குறைவு, தாண்டிப் போனால் அதிகம். கோணத்தைப் பார்க்க வேண்டிய நேரம் கை தண்ணீரைத் தொடும் கணம். தெறிப்பு அதற்குப் பிறகுதான் எழும்.

4. தெறிக்காத தண்ணீர் ஏமாற்றும்

நல்ல வீரர்கள் விரல்களைக் கூர்மையாக்கி நுழைவதில்லை. ஒரு கையால் மற்றதைப் பிடித்து, உள்ளங்கையைத் தட்டையாகத் தண்ணீர் பக்கம் திருப்பி அடிப்பார்கள். தண்ணீரில் ஒரு துளை விழும். உடல் அதன் வழியே போகும். உள்ளே போனதும் கைகளைப் பக்கவாட்டில் விரித்து இழுப்பார்கள். "ர்ரிப்" என்ற ஒலியோடு மேலே கொஞ்சம் நுரை மட்டும் தெரியும். அரங்கமே கைதட்டும்.

இந்த வித்தை கோணத் தவறைக்கூட மறைத்துவிடும். சுழற்சி சற்று அதிகமாகப் போன டைவில், கைகள் உள்ளே போனதும் தண்ணீருக்கடியில் உடலை வளைத்து, வெளியே இருக்கும் கால்களைச் செங்குத்தாக இழுத்துக்கொள்வார்கள். தண்ணீருக்கடியில் நடப்பதற்கு மதிப்பெண் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆனால் இடுப்பும் காலும் இன்னும் மேலே இருக்கும்போது எந்தக் கோணத்தில் இருந்தன என்பது உங்கள் கணக்கில் வரும். அதனால் கண் தண்ணீரில் நிற்கக் கூடாது. இடுப்பிலும் காலிலும் நிற்க வேண்டும்.

எதிர்ப் பக்கம் போய்விடவும் வேண்டாம். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில், டைவிங் முதன்முதலாக வந்தபோதே, கடினமாகச் சுழன்று மோசமாக விழுந்த ஜெர்மானியர்கள் தண்ணீரில் எப்படி விழுந்தோம் என்பது கணக்கில் வரக் கூடாது என்று வாதிட்டார்கள். அந்த வாதம் எடுபடவில்லை. நுழைவு கட்டாயம் முக்கியம்தான், நான்கில் ஒன்றாக.

5. உங்கள் கையில் இல்லாத உச்சவரம்புகள்

சில தவறுகளுக்கு விதியே வரம்பு கட்டிவிடுகிறது. தலை முதலில் நுழையும் டைவில் கை தலைக்கு மேல் இல்லையென்றாலும், கால் முதலில் நுழையும் டைவில் கை தலைக்கு மேல் போனாலும் 4.5-க்கு மேல் கிடையாது. அறிவித்த நிலை பாதியில் கலைந்தாலும் அதே வரம்புதான். முழுக்க வேறு நிலையில் செய்தால் 2. ட்விஸ்ட் 90 டிகிரியோ அதற்கு மேலோ கூடினாலும் குறைந்தாலும் 0. தலை முதலில் வர வேண்டிய டைவில் கால் முந்தினாலும் 0. அறிவித்தது ஒன்று, செய்தது வேறு என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், போட்டியை நடத்தும் தலைமை அதிகாரியான ரெஃப்ரீ அறிவிக்காவிட்டாலும் நீங்கள் 0 போடலாம்.

கிளம்பிவிட்டு நின்று மறுபடி தொடங்கினால், ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலிருந்தும் ரெஃப்ரீ 2 கழிப்பார். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் டைவ் தோல்வி. நீங்களும் சேர்ந்து கழித்துவிடாதீர்கள். ஒரே தவறுக்கு இரண்டு தண்டனையாகிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவின் பமேலா வேர், அரையிறுதியின் கடைசி டைவில் தடுமாறிக் கால் முதலில் தண்ணீரில் குதித்தார். கிடைத்தது 0. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் பாவம் பார்த்து ஒன்றிரண்டு போட அங்கே இடமில்லை.

மறு வாய்ப்புக் கொடுப்பது ரெஃப்ரீயின் அதிகாரம். 2012 லண்டன் 10 மீட்டர் இறுதியில் கேமரா வெளிச்சம் கண்ணில் அடித்ததாக பிரிட்டனின் டாம் டேலி முறையிட்டார். முதல் டைவை மறுபடி செய்ய அனுமதி கிடைத்தது. கடைசியில் வெண்கலமும் கிடைத்தது.

6. கணக்கு

ஏழு நடுவர்கள் என்றால் மேலே இரண்டு, கீழே இரண்டை நீக்கிவிட்டு, மீதி மூன்றைக் கூட்டிக் கடின எண்ணால் பெருக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று போகும்.

டோக்கியோ 10 மீட்டர் இறுதியில் சீனாவின் 14 வயது வீராங்கனை சுவான் ஹோங்சான் எடுத்த 466.20-ஐப் பிரித்துப் பார்த்தால் புரியும். இரண்டாவது டைவ் 407சி. ஏழு பேரும் 10. மூன்று பத்துகளின் கூட்டல் 30, கடின எண் 3.2, ஆக 96.00. நான்காவதும் ஐந்தாவதும் அதே 96.00. மூன்றாவது 95.70. முதல் டைவான 107பி-க்கு மட்டும் கூட்டல் 27.5, கடின எண் 3.0, ஆக 82.50. எல்லோரும் "பெர்ஃபெக்ட்" என்று கொண்டாடிய நாளிலும் நடுவர்கள் முதல் டைவில் குறை கண்டு கழித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸ் இறுதியில் அதே 107பி-யில் ஏழு பேரிடமும் 10 வாங்கி 90.00 எடுத்தார். ஆனால் அன்று மொத்தம் 425.60-தான். டைவுக்கு டைவ் மதிப்பெண் போடுவது என்பது இதுதான்.

7. நேர்மை எங்கே நழுவுகிறது

லஞ்சம், சதி என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் நடுவரின் தலைக்குள்ளேயே நழுவும்.

முதலாவது, கடினத்துக்கு இரக்கம். ஒருவர் 107பி-யை மிக நேர்த்தியாகச் செய்கிறார். மூன்று 9 சேர்ந்து 27, கடின எண் 3.0, ஆக 81.00. அடுத்தவர் நான்கரைக் குட்டிக்கரணமான 109சி-யை முயல்கிறார். கடின எண் 3.7. டைவ் 7-க்குத்தான் பெறும். 21-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 77.70. ஆனால் "எவ்வளவு துணிச்சல்!" என்று ஆளுக்கு அரை சேர்த்து 7.5 போட்டால் 83.25 ஆகி, இரண்டாமவர் முந்திவிடுகிறார். துணிச்சலுக்கான கூலி ஏற்கெனவே 3.7-க்குள் இருக்கிறது. நடுவர் மறுபடி கொடுத்தால் இரட்டைக் கூலி. அந்த எண்ணை மறந்துவிடச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது, பெயர். உலக சாம்பியன் மேடையேறும்போதே மனம் 8.5-ல் போய் உட்கார்ந்துவிடும். இறுதிச் சுற்றில் தரவரிசையைத் தலைகீழாக்கி, முதலிடத்தவரைக் கடைசியாக விடுகிறார்கள். அதனால் போகப் போக எதிர்பார்ப்பும் ஏறும். முதலில் வந்த பெயர் தெரியாத பெண்ணுக்கோ "இன்னும் நல்லவர்கள் வருவார்கள்" என்று இறுக்கிப் பிடித்திருப்போம். முந்தைய டைவோடு ஒப்பிடாமல் மனதிலுள்ள பிழையற்ற டைவோடு ஒப்பிடுவதுதான் இதற்கு வழி.

மூன்றாவது, நம்மவர். சிட்னி 2000 ஒலிம்பிக்கின் டைவிங் மதிப்பெண்களை ஜான் எமர்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரும் சக ஆய்வாளர்களும் அலசி 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில நடுவர்கள் சக நடுவர்களைவிடத் தங்கள் நாட்டவருக்குச் சற்றுத் தாராளமாக இருந்தது அதில் தெரிந்தது. சற்று என்றாலும் சும்மா விட முடியாது. அதே சிட்னியில் ஆண்கள் 3 மீட்டர் தங்கத்தைச் சீனாவின் சியோங் நி 708.72 எடுத்து வென்றார். மெக்சிகோவின் பெர்னாண்டோ பிளாட்டாஸ் எடுத்தது 708.42. வித்தியாசம் 0.30. கணக்கில் சேர்ந்த ஒரு மதிப்பெண்ணில் அரை மாறியிருந்தால் போதும், பதக்கத்தின் நிறம் மாறியிருக்கும்.

"அதுதான் மேலே இரண்டு கீழே இரண்டு நீக்குகிறார்களே" என்று கேட்கலாம். நீக்கினாலும் தப்பு முழுசாகப் போவதில்லை. ஏழு மதிப்பெண்கள் 7, 7, 7.5, 7.5, 7.5, 8, 8 என்று வைத்துக்கொள்வோம். நடு மூன்றின் கூட்டல் 22.5. இப்போது 7 போட வேண்டிய ஒருவர் தன் ஆளுக்காக 9 போடுகிறார். வரிசை 7, 7.5, 7.5, 7.5, 8, 8, 9 ஆகிறது. அந்த 9 நீக்கப்படுகிறது, சரி. ஆனால் அது தள்ளிய தள்ளில், முன்பு நீக்கப்பட்ட ஓர் 8 உள்ளே வந்துவிட்டது. கூட்டல் 23. கடின எண் 3.0 என்றால் ஒன்றரைப் புள்ளி லாபம், அதுவும் தன் மதிப்பெண் எண்ணப்படாமலேயே! ஏழு பேருக்கும் ஒரே சாய்வு இருந்தால் இந்த நீக்கலால் எந்தப் பயனும் இல்லை.

8. ஜோடி டைவிங்கில்

சிங்க்ரோவுக்குப் பதினொரு நடுவர்கள். மூவர் ஒருவரை மட்டும், மூவர் மற்றவரை மட்டும், ஐவர் ஒற்றுமையை மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் அதிகமும் குறைவும் நீங்க, மிஞ்சுவது ஐந்து மதிப்பெண். அதில் மூன்று ஒற்றுமைக்கு. கூட்டி, 0.6-ஆல் பெருக்கி, கடின எண்ணால் பெருக்க வேண்டும். ஒற்றுமை நடுவர் பார்க்க வேண்டியது எழும்பிய உயரம், சுழலும் வேகம், பலகையிலிருந்து தூரம், நுழையும் நேரமும் கோணமும். இரண்டு பேரும் ஒரே அளவு சாய்ந்து நுழைந்தால் ஒற்றுமை மதிப்பெண் குறையாது. சாய்ந்ததற்கு மற்ற ஆறு பேர் இருக்கிறார்கள்.

9. பழகுவதும், சின்னப் போட்டிகளும்

ஏதாவது பழைய இறுதிச் சுற்றை எடுங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளரின் குரல் ஏறி இறங்குவதே மதிப்பெண்ணைச் சொல்லிவிடும். ஸ்லோ மோஷன் வருவதற்கு முன் எண்ணை எழுதிவிடுங்கள். பிறகு ஏழு பேரின் நடு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பக்கத்தில் குறியுங்கள். எப்போதும் அரை குறைவாகவே வருகிறதா? பெரிய பாவமில்லை, எல்லோருக்கும் சமமாகத்தான் குறைத்திருக்கிறீர்கள். ஆனால் அப்படிப்பட்டவரின் எண் பெரும்பாலும் நீக்கப்பட்டே போகும், நடுவர் நாற்காலியில் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒருமுறை ஒன்று கூட, ஒருமுறை ஒன்று குறைய என்று ஊசலாடுவதுதான் உண்மையான ஆபத்து. எந்த வகை டைவில் ஊசலாடுகிறீர்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ட்விஸ்டில்தான் இருக்கும். அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

பள்ளிப் போட்டியில் மூன்று நடுவர்தான் கிடைப்பார்கள். அங்கே நீக்குவதற்கு ஒன்றும் இல்லை, மூன்றும் எண்ணப்படும். அதனால் போட்டியாளரின் அப்பா, மாமா, பயிற்சியாளர் எவ்வளவு நல்லவரானாலும் அந்த நாற்காலி வேண்டாம். ரெஃப்ரீயின் விசிலுக்கு மூவரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். பக்கத்து அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கினால் மூன்று நடுவர் இருந்து என்ன பயன்? பெருக்கலை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, ஒத்துப்போன பிறகு அறிவிக்கட்டும். மொத்தம் சமமாக வந்தால் உடைக்க வேண்டாம். இருவருக்கும் அதே இடத்தைக் கொடுத்துவிடுங்கள், விதியும் அப்படித்தான்.